ஃபேனைக் குறைத்தது நான்தான்

போன செவ்வாய்க்கிழமை எதிர் வீட்டு ரங்கராஜன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டையரானவர்.

"ஸார், மடியில வெச்சுண்டா தோசைக்கல்லு மாதிரி சுடறது. என்ன பண்ணலாம்?"

என்னிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? "சூடு பார்க்கிற சாஃப்ட்வேர் இருக்கு, வாங்க காட்டுறேன்" என்று என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். சிவப்புக் கோடு சூடு. நீலக் கோடு உள்ளே இருக்கிற ஃபேனின் வேகம். சிவப்பு ஏறினால் நீலமும் ஏறும், சிவப்பு இறங்கிவிடும். பழைய கணக்கெல்லாம்கூட அதில் பத்திரமாக இருக்கும்.

கத்திரி வெயிலில் எப்படி ஏறும் பாருங்கள் என்று போன வருஷச் சித்திரைக்குப் போனேன். பெருமைதான், வேறென்ன?

ரங்கராஜன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தார். "இங்க மட்டும் நீலக் கோடு படுத்துண்டிருக்கே. சிவப்பு மட்டும் ஏறிண்டே போறதே... ஏன் ஸார்?"

தேதியைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரை மணி.

அந்த வாரம் உங்களுக்கும் நினைவிருக்கலாம். இந்தப் பத்தி வரவில்லை. எனக்கு உடல்நலம் சரியில்லை என்று பத்திரிகையில் ஒரு வரி போட்டிருந்தார்கள். பலர் நலம் விசாரித்து எழுதினீர்கள். ஒரு வாசகர் நிலவேம்புக் கஷாயம் வைப்பது எப்படி என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார். எனக்கு ஒன்றும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். படுத்தது கம்ப்யூட்டர்.

அதை எனக்குப் பொருத்திக் கொடுத்தவர் நிஜாம் பாய். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாய்க் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ரம்ஜான் மாதத்தில் ஒரு நாளாவது நோன்புக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றி, ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்துவிடுவார்.

அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். "அண்ணே, நீங்க வெயில்லயும் கதவைச் சாத்திட்டு எழுதுற ஆளு. சூடு ஜாஸ்தியானா இது பீப் அடிக்கும். அடிச்சா ஒண்ணும் யோசிக்காதீங்க, அணைச்சிட்டுப் போய் ஒரு காபி சாப்பிடுங்க."

அந்த ஞாயிறு மாலை கனடாவிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். பேத்தி புதிதாகக் கற்ற பாட்டைப் பாடிக் காட்டப் போகிறாள். இங்கே ஃபேன் 'விர்ர்' என்று இரைகிறது. "என்னப்பா, பக்கத்துல மாவு மில்லா?" என்றாள் மகள். சாஃப்ட்வேரைத் திறந்து ஃபேன் வேகத்தை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டேன். அமைதி. பேத்தி பாடினாள். நடுவில் பீப் அடித்தது. அதன் வாயையும் அடைத்தேன்.

அப்புறம்? அப்புறம் மறந்துவிட்டேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் தானாக ஒரு முறை அணைந்தது. கரண்ட் தகராறு என்று நினைத்தேன். செவ்வாய் இரண்டு முறை. திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன். புதன் மதியம் ஒரேயடியாகப் போய்விட்டது. மாலைக்குள் அனுப்ப வேண்டிய கட்டுரை அதற்குள்ளே.

ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாலத்தில் டிராஃபிக். வண்டி நகர நகர எனக்குக் கோபமும் ஏறிக்கொண்டே போனது. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பை ஒரு பச்சைப் பையிலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் எதையும் பார்க்கவில்லை. "பழைய சாமானைப் போட்டுட்டுப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டீங்களே பாய். நம்பி வந்தவனுக்கு இதுதானா?" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது.

நிஜாம் பாய் கம்ப்யூட்டரை வாங்கி மேஜைமேல் வைத்தார். "வச்சிட்டுப் போங்கண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்த அம்மா லேப்டாப்பை மெல்லப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அதை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "சார், ரெடி. மதர்போர்டு சூடு தாங்காமப் போயிருக்கு, மாத்திட்டேன். உங்க கட்டுரையெல்லாம் அப்படியே இருக்கு. ஃபேன் சூட்டுக்குத் தகுந்தபடி தானா ஓடற மாதிரி ஆட்டோவுல போட்டிருக்கேன் சார், அதை மட்டும் தொடாதீங்க."

என்ன விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். என் காதில் ஏறவில்லையே. குரல் தணிந்திருந்ததைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். 'அண்ணே' போய் 'சார்' ஆகிவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. இந்த ரம்ஜானுக்குத் தூக்கு வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரங்கராஜன் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

சனிக்கிழமை போனேன். கடையில் யாரும் இல்லை. நிஜாம் பாய் பிரஷ்ஷால் எதையோ தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், அது என் தப்பு. ஃபேனைக் குறைச்சது நான்தான்."

"தெரியும் சார். சரி பண்ணி ஆன் பண்ணின அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அப்பவே போன்ல சொல்லியிருக்கலாமே?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கோபமில்லை, நக்கலில்லை. "சொல்லியிருந்தா... அந்தம்மா திரும்பி வந்திருப்பாங்களா சார்?"

மன்னிச்சிடுங்க என்றேன். "அட விடுங்க சார்" என்று டீ வரவழைத்தார். குடித்தோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரமாகும். அன்றைக்கு டீ முடிந்ததும் பேச்சும் முடிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, ஒரு நல்ல மனிதரை இழந்துவிட்டோம் என்கிற வருத்தம்.

பாலத்தில் திரும்பி வரும்போது ஒன்று உறைத்தது. கத்தும்போது நாலு பேர் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்கும்போது ஒருவரும் இல்லை. இது என்ன நியாயம்? நமக்கு எப்போதுமே இந்த வசதி உண்டு... பழியைச் சந்தியில் போடுவோம், மன்னிப்பைக் காதோடு கேட்டுக்கொள்வோம்.

அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். பச்சைப் பை வைத்திருந்த அம்மா, நீங்கள் இதைப் படிப்பவராக இருந்தால் – அன்றைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. தயவுசெய்து ஒரு முறை அந்தக் கடைக்குப் போங்கள்.

யார் அனுப்பினார்கள் என்று பாய் கேட்டால், 'சார் அனுப்பினார்' என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.