பக்கத்து வாங்கு வெறுமையாக இருந்தது

போன மாதம் ஒரு நாள், என் கணவர் வந்து பக்கத்தில் இருந்ததும் ஒரு நோர்வேஜிய அம்மா எழுந்து போய்விட்டார்.

பதறாதீர்கள்… மனிதர் ஒன்றும் செய்யவில்லை! ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே புல்வெளியில் உட்கார இரண்டு வாங்குகள் உண்டு. ஒன்றில் அந்த அம்மா இருந்தார். மற்றது வெறுமை. இவர் நேரே போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவ்வளவுதான். அவர் மெல்லச் சிரித்தார், பையை எடுத்தார், நடந்தார். சமையலறை ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் மேலே வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சாரும், என்னிலை ஏதும் மணக்குதே?"

"சவர்க்காரம்தான் மணக்குது. ஏன்?"

"ஒண்டுமில்லை."

அந்த 'ஒண்டுமில்லை'க்குப் பிறகு மனிதர் கீழே இறங்கவேயில்லை.

நோர்வேக்கு வருமுன் நாங்கள் சிசிலியில், பலெர்மோ நகரத்தில் இருந்தோம். பழைய சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய தெரு. மேல் பல்கனியில் காயும் சட்டை கீழே போகிறவர் தலையில் சொட்டும். அவர் அண்ணாந்து திட்டுவார். மேலேயிருந்து அதைவிடப் பெரிய திட்டு வரும். நானும் இவரும் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்தோம். வியாழன் பின்னேரம் ஓய்வு. ஓய்வென்றால் வேறெங்கே போவது? தெரு முனையில் ஒரு சின்னப் பூங்கா — நம்மூர் ஆல் போல விழுது இறக்கிய பெரிய மரங்கள், அடியில் வாங்குகள்.

அந்தப் பூங்காவில் யாராவது தனியாக இருந்தால் இரண்டே காரணம்தான். வீட்டில் சண்டை, அல்லது சாவு. எதுவென்றாலும் ஆளைத் தனியே விடமாட்டார்கள். ஒருவர் எழுந்து வந்து பக்கத்தில் இருந்துவிடுவார்.

இவர் போன புதிதில் அங்கே தலையைக் குனிந்துகொண்டு இருந்தாராம். ஒரு சொல் இத்தாலியன் தெரியாது. சல்வத்தோரே என்றொரு வயதான மீனவர் எதிர் வாங்கிலிருந்து எழுந்து வந்து, ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை நீட்டியிருக்கிறார். அவரிடம்தான் இவர் இத்தாலியன் படித்தார். முதலில் வந்தவை மீன்களின் பெயர்கள்… அடுத்து வந்தவற்றை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுத முடியாது. கொஞ்ச நாளில் பூங்காவுக்கே பெரிய வாயாடி இவர்தான்!

ஒஸ்லோவில் அந்த வாய்க்கு ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை தீனி போட்டது. போன இலையுதிர்காலத்தில் ஓய்வு பெற்றார். கதையும் நின்றது. குளிர்காலம் முழுக்க 'ஓம்', 'இல்லை', 'தேத்தண்ணி' மட்டும். வெயில் வந்ததும் ஒருவழியாகக் கீழே இறங்கிய முதல் நாளில்தான் இந்தச் சம்பவம்.

திராமனில் வேலை செய்யும் மகள் அனிற்றாவிடம் சொன்னேன். ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கே பிறந்த பிள்ளை அல்லவா?

"அம்மா, மற்ற பெங்க் சும்மா கிடக்கேக்கை ஆரும் பக்கத்திலை போய் இருப்பினமே? பஸ்ஸிலையே இருக்காயினம். பாவம், அவ பயந்திருப்பா."

அவள் சொல்வது சரிதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் இப்படியே சோபாவோடு சோபாவாகிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கூட இருக்கும் ஒருவர் கதைக்காவிட்டால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது, தெரியுமா?

அப்போதுதான் மே மாத டுக்னாட் வந்தது. குடியிருப்பார் எல்லாரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்கும் நாள். வராதவர்களை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

"நீர் போயிட்டு வாரும். எனக்கு முழங்கால் நோகுது."

"முழங்கால் நோகட்டும். எழும்புங்கோ!"

இழுத்துக்கொண்டு போனேன். இவர் கையில் பெயின்ட் தூரிகையைக் கொடுத்து, அன்று இருந்த வாங்கையே காட்டினார்கள். மறுமுனையில் இன்னொரு தூரிகையோடு நின்றது யார்? அதே அம்மா! பெரித் என்று பெயர்.

இருவரும் வாய் திறக்காமல் பெயின்ட் அடித்தார்கள். இரண்டு முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் சந்தித்துத்தானே ஆகவேண்டும்? நான் கூட்டிய இலைகளையே திரும்பவும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பத்தி எழுதுகிறவளுக்கு ஒட்டுக்கேட்பது தொழில்.

பெரித்தான் தொடங்கினார்.

"அன்று உங்கள் இடத்தில் இருந்துவிட்டேன். மன்னியுங்கள்."

"என் இடமா?"

"மற்ற வாங்கு வெறுமையாக இருந்தும் இதற்கே வந்தீர்கள். இது உங்கள் வழக்கமான இடம் என்று நினைத்து எழுந்துவிட்டேன்."

இவர் தூரிகையைக் கீழே வைத்தார். பலெர்மோ வாடை அடிக்கும் தன் நோர்வேஜியனில் சொன்னார்: "இல்லை… நீங்கள் தனியாக இருந்தீர்கள். அதனால்தான் வந்தேன்."

"தனியாக இருந்தால் வருவார்களா?"

"நாங்கள் முன்பு இருந்த ஊரில் வருவார்கள்."

பெரித் தூரிகையைப் பெயின்டில் தோய்த்தார். "கணவர் இறந்த பிறகு இங்கே யாரும் என் பக்கத்தில் இருந்ததில்லை" என்றார். "வந்த ஒருவரையும் நான் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

இவர் அவமானம் என்று நினைத்து வீட்டில் கிடந்தாரே, அது அந்த அம்மாவின் மரியாதை! ஒருவரையொருவர் தொந்தரவு செய்யக்கூடாதென்றே இந்த நகரத்தில் எத்தனை பேர் தனித்தனியாக இருக்கிறார்களோ?

பெயின்ட் காய்ந்த அன்றே அந்த வாங்கில் இவருடைய பலெர்மோப் பூங்கா திறந்துவிட்டது. சல்வத்தோரே, சந்தை, விழுது விட்ட மரங்கள் — எல்லாம் பெரித்துக்கு இப்போது மனப்பாடம். மூன்றாம் மாடிக்காரர் ஒருவரும் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறார். இன்னும் இருக்கவில்லை… நோர்வேஜியர் அல்லவா, மெல்லத்தான் வருவார்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட நான் கீழே இறங்கவேண்டியிருக்கிறது. போனால், "நீரும் இரும்" என்று தள்ளி இடம் விடுகிறார்.

மேலே சோறு ஆறுகிறது… ஆறட்டும்!