அடைப்பில் போன வருஷம்

பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஒரு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று காலேஜ் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. பதில் எழுத இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். எனக்கு நடந்த அநியாயத்தை எழுத இரண்டு குயர் பேப்பர் வேண்டும்.

யுத்த காலம் அது. நாமக்கல்லில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மார்க் எழுதிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்தேன். அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் காலேஜும் சேர்த்துக்கொள்ளாது. பிள்ளையில்லாத என் பெரியப்பா அதை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று தம் அறையிலிருந்த மரப்பெட்டியில் வைத்தார். அடுத்த வாரமே, விடிந்து கிணற்றில் கவலை இறைக்க மாடு பூட்டுகிற நேரத்தில், அதே அறையில் நெஞ்சு வலியில் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு எந்த நட்சத்திரத்தில் விழுந்தது என்று பார்ப்பார்கள். அவிட்டம் முதலான சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த அறையை ஆறு மாதம் மூடிப்போட வேண்டும். அடைப்பு என்பார்கள். அப்பா சேந்தமங்கலத்தில் பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் ஆள் அனுப்பினார். அவிட்டம், ஆறு மாதம் என்று பதில் வந்தது. பெரியப்பாவை எடுத்ததும் அறையைப் பூட்டி வாசலில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். என் புத்தகம் உள்ளே கிடந்தது.

காலேஜில் சேருகிற கெடு நெருங்கியதும் அப்பாவிடம் கெஞ்சினேன். கூரை ஓட்டைப் பிரித்து இறங்கிப் பெட்டியை மட்டும் தூக்கி வருகிறேன் என்றேன். பெரியம்மாதான் குறுக்கே வந்தாள்.

“வேண்டாஞ் சாமி. அதுக்குள்ளார இருந்து ஒரு துரும்பை எடுத்தாலும் அது உம்பொறத்தாலயே வந்துரும். நீ நல்லா இருக்கோணும்.”

அவளே தன் அறையை விட்டுவிட்டு மாட்டுக்கொட்டாயில் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஐப்பசி மழை முழுவதும் அங்கேயே இருமிக்கொண்டு கிடந்தாள். ஹெட்மாஸ்டரிடம் போய் வேறு புத்தகம் கேட்டேன். தொலைந்துபோயிற்று என்று எழுதிக் கொடுத்தால் மதராஸுக்கு எழுதலாம் என்றார். தொலையவில்லை சார், பூட்டியிருக்கிறது என்றேன். பூட்டியிருந்தால் திறந்து எடு என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கார்த்திகையில் அறையைத் திறந்து கழுவிவிட்டபோது என்னோடு படித்தவர்கள் காலேஜில் பாதி வருஷத்தை முடித்திருந்தார்கள்.

மறு வருஷம் அப்பாவும் நானும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் சேலம் போனோம். இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் மேழியைப் பிடிக்க வேண்டியதுதான் என்று அப்பா முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார். எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

“அறையைப் பூட்டி வெச்சிருந்தோம்னு எழுதினா யாரு நம்புவாங்க? ஒடம்பு சொகமில்லைன்னு போட்டர்றேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.”

வேண்டாம் என்றேன். அப்பா என்னை முறைத்துவிட்டு, “உங்களுக்குத் தெரியாததுங்களா, போடுங்க” என்றார். படித்தவர் சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு.

சில நாளில் காலேஜிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆபீஸ் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒரு வருஷம் படுக்கையில இருந்திருக்கே. என்ன வியாதி, காசமா? ஹாஸ்டல்ல மத்தப் பசங்க இருக்க வேண்டாமா?”

வியாதியே இல்லை என்றேன். அப்படியானால் எழுதினது பொய்யா என்றார். வியாதி என்றாலும் சீட்டு இல்லை, பொய் என்றாலும் சீட்டு இல்லை. எவனோ எழுதின ஒரு வரிக்கு நான் திருடனைப் போல் கைகட்டி நின்றேன். வந்த கோபத்தில் நேரே பிரின்ஸ்பால் அறைக்குள் போய் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். செத்த நாளும் நேரமும் எழுதி ஊர் மணியக்காரரிடம் ஒரு கடிதாசி வாங்கிக்கொண்டு, போன வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் வா, இல்லாவிட்டால் உன் இடம் அடுத்தவனுக்கு என்றார்.

மணியக்காரர் கடிதாசி எழுதிக் கொடுத்தார். பழைய பஞ்சாங்கமும் அவர் வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. வழியில் ஒரு புளியமரத்தடியில் நின்று அந்தத் தேதியைப் புரட்டினேன். அன்றைக்குச் சூரியன் நன்றாக ஏறும் வரைக்கும் திருவோணம். அதற்குப் பிறகுதான் அவிட்டம். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பெரியப்பா போனது விடியற்காலையில். நாங்கள் அனுப்பின ஆள் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. பஞ்சாங்கக்காரர் அந்த ஆள் எதிரே நின்ற நேரத்துக்கு நட்சத்திரம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். உயிர் எப்போது போனது என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. திருவோணத்துக்கு அடைப்பே கிடையாது. அந்த அறையை ஒரு நாள்கூடப் பூட்டியிருக்க வேண்டாம்.

ஓட்டமும் நடையுமாக வந்து, கிணற்று மேட்டில் நின்ற அப்பாவிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

“இதைக் கொண்டுக்கிட்டுப் போவாத” என்றார்.

“ஏனுங்க?”

“உங்க பெரியம்மா காதுல உழுந்தா என்னாவறது? ஆறு மாசம் மாட்டோட மாடா கெடந்தா.”

“நான் ஒரு வருஷம் கெடந்தனே, அதுக்கு யாருங்க பதில் சொல்றது?”

அப்பா பஞ்சாங்கத்தைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். அது பிறகு என் கண்ணில் படவே இல்லை.

வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் பஞ்சாங்கம் எங்கே என்று கேட்டார். கரையான் அரித்துவிட்டது என்றார் அப்பா. என்ன நட்சத்திரம் என்று கேட்டார். “அவிட்டமுங்க” என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். உண்மையைச் சொல்லத்தான் நான் அந்த அறைக்குள் முதலில் போனது. இப்போது வாயைத் திறந்தால் சீட்டுப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிரின்ஸ்பால் கடிதாசியைப் படித்துவிட்டு, உடம்பு சுகமில்லை என்ற வரியை அடித்து, குடும்பத்தில் துக்கம் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனிமேலாவது விண்ணப்பத்தில் பொய் எழுதாதே என்று எனக்குப் புத்தி சொன்னார். வாசலுக்கு வரும்வரை அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

சீட்டுக் கிடைத்த சேதி கேட்டுப் பெரியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். அப்பாவையும் என்னையும் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

“பாத்தியா சாமி, அன்னைக்கே அந்தப் பொட்டியை எடுத்திருந்தா உனக்கு இந்த எடம் கெடைச்சிருக்குமா? நான் கொட்டாயில கெடந்தது வீண் போவலை.”

அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். உருட்டிய சோறு என் கையிலேயே இருந்தது.

“கெடைச்சிருக்காதுங்க பெரியம்மா” என்றேன்.

அவள் முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அப்பா பாதியில் எழுந்து கை கழுவப் போனார்.