நேற்றைய டூட்டி

1. கேட் மீட்டிங்

சம்பள ஒப்பந்தம் காலாவதியாகி, நாங்கள் பழைய சம்பளத்திலேயே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நேரம். சென்னைக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிற தலைவர்கள் ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை முதல் ஸ்டிரைக். மேலிருந்து தகவல் வந்தால்தான் வாபஸ்.

நான் கள்ளக்குறிச்சியில் எங்கள் டிப்போவின் டிரைவர். சங்கக் கிளைச் செயலாளரும் கூட. முந்தின நாள் மதியம் டிப்போ வாசலில் கேட் மீட்டிங் போட்டேன். கொடி, பந்தல், டீ என்று எல்லாம் பேசி முடித்தபோது செந்தில் எழுந்தான். சின்ன வயசு டிரைவர். கோபம் வந்தால் காது சிவந்துவிடும்.

“மல வண்டி இன்னாண்ணே ஆவறது?”

மலை வண்டி என்றால் நைட் ஹால்ட் வண்டி. சாயங்காலம் கல்வராயன் மலைக்கு ஏறி, வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் ராத்தங்கி, விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும். அன்றைக்கு அந்த டூட்டி என் பேரில் விழுந்திருந்தது.

“ஹால்ட்ட கேன்சல் பண்ணிடுங்க. நாளைக்கி ஸ்டிரைக்கு அன்னிக்கி செக்ரெட்டரியே ஸ்டியரிங் புட்சிக்கினு வந்தா, மத்த டிப்போகாரன் இன்னா பேசுவான்?”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டு, மலை ஆட்களிடம் சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

2. லட்சுமி கேட்டது

மலை வண்டி நிற்கிற இடத்தில் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சின்னையனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு தரம் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எங்கள் வண்டியில்தான் வருவார்கள், முன் சீட்டில். அன்று அவள் மாத்திரை வாங்க மட்டும் தனியாக இறங்கியிருந்தாள்.

“அண்ணா, நாளைக்கி அவருக்கு மொறை. வண்டி நிக்குமாமே?”

“ஜீப்பு எதாவது சொல்லி வெக்கக் கூடாதாம்மா?”

“ஜீப்பு வெக்கற நெலமைல நாங்க இல்லீங்க. ஒரு மொறை தள்ளிப்போனாலே அவருக்கு மூச்சு வாங்குது. இன்னொரு மொறை தப்பினா தாங்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லிக்கினே இருக்கறாரு.”

எனக்கு எரிச்சல் வந்தது. அவள் மேல் இல்லை. கை தட்டல் வாங்கிக்கொண்டு வந்த என் மேல்தான். டீ குடித்தேன், இன்னொரு டீ குடித்தேன், அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. ஹால்ட் டூட்டியில் இன்று கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்தால், நாளைக் காலை டிப்போவுக்குள் விட்ட பிறகுதான் டூட்டி முடியும். காலையில் இறங்குகிற டிரிப்பும் முந்தின நாள் கணக்குதான்.

திரும்பிப் போய் வாசலில் இதைச் சொன்னேன். செந்தில் விடவில்லை.

“காலை டிரிப்ப மறுநாள் டூட்டியா கணக்கு வெக்கணும்னு நோட்டீஸ்ல நாமதானே கேட்டுக்கினு இருக்கோம்? நீங்களே மாத்திப் பேசறீங்க?”

“கேட்டோம். குட்த்தாங்களா?”

“இல்ல.”

“குடுக்கற வரைக்கும் அது நேத்து டூட்டிதான். வண்டிய உள்ள வுட்டுட்டு, மொத ஆளா வந்து பந்தல்ல குந்தறேன்.”

முதலில் சிரித்தவன் செந்தில்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காலை டிரிப்புக்குத் தனிச் சம்பளம் தராமல் எத்தனையோ வருஷமாக எங்களைக் கடுப்பேற்றிய கணக்கு, அன்றைக்கு மட்டும் எங்களுக்கு உதவியது.

பெருமை தாங்காமல் லட்சுமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“எறங்கறது சரிங்கண்ணா. சாயங்காலம் அவர வூட்டுக்கு எப்டி கூட்டிக்கினு போறது?”

வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன்.

3. அடிவாரம்

மேலே போனால் போன் வெறும் கடிகாரம்தான். சென்னையில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே விடிந்தது. சின்னையன் துண்டைப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். முகம் வீங்கியிருந்தது. லட்சுமி ஒரு பாயும் பாத்திரமும் எடுத்து வந்திருந்தாள். மறுபடி வண்டி ஓடுகிற வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடப்பதாக முடிவு பண்ணிவிட்டாள் என்று புரிந்தது. அந்தப் பாயைப் பார்க்காமல் இருக்க ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

மலை இறங்கி, கச்சிராயபாளையம் வருவதற்குள் கண்டக்டர் கண்ணனின் போன் அலற ஆரம்பித்தது. தகவல் மேல் தகவல். அவன் படித்துக்கொண்டே முன்னால் வந்தான்.

“அண்ணே, கையெழுத்து ஆயிட்சாம். ஸ்டிரைக்கு வாபஸு.”

வண்டியை ஓரம் கட்டினேன். அப்படி ஒரு நிம்மதியை என் சர்வீஸில் அதற்கு முன் நான் கண்டதில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

“அப்ப சாயங்காலம் வண்டி உண்டாண்ணா?” என்றாள் லட்சுமி.

“உண்டும்மா.”

பாயைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் நான் கண்ணனிடம், நமக்கு எவ்வளவு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். ஹால்ட் கோரிக்கையை மட்டும் பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். டிப்போ வாசலில் செந்தில், “நேத்து டூட்டி முட்ஞ்சுதாண்ணே?” என்று கேட்டுக் கேட்டு என்னை ஓட்டினான்.

ஸ்டிரைக் செய்வது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். செய்யாமல் எங்களுக்கு எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் வண்டியை நிறுத்தத் திட்டம் போடுகிறவர்கள், கொடியையும் பந்தலையும் பேசுவதற்கு முன்னால், அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லாதவர் யார் என்று பேச வேண்டும். நான் பேசவில்லை. சென்னையில் விழுந்த கையெழுத்து என்னைக் காப்பாற்றியது.

நான் ரிட்டயராகிவிட்டேன். இப்போது செந்தில்தான் செயலாளர். போன தடவை நோட்டீஸ் கொடுத்த அன்று, நான் கேட்காமலே போன் பண்ணினான்.

“அண்ணே, ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு மட்டும் மல வண்டி ஓடும்னு மொதல்லயே பேசி முட்ச்சிட்டோம். எறங்கவும் உண்டு, ஏறவும் உண்டு.”