ரயில் சத்தத்தில் அழுதவர்கள்

1. செத்தவளைப் பார்த்துச் சிரித்தார்கள்

வரதன் சார் அழ ஆரம்பித்ததும் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் பின்வரிசையில் யாரோ ஒருவர். அப்புறம் காலேஜ் பையன்கள். கடைசியில் முன்வரிசை மாமிகள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நாடகத்தில் அவருடைய மகள் அப்போதுதான் செத்திருந்தாள்.

நான் மைக் செட்காரன். தாம்பரம் மார்க்கெட் பக்கம் சின்னக் கடை. பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு வழியனுப்பிவிட்டது என்றாலும், எதைத் திருகினால் சத்தம் குறையும் என்று தெரியும். குறைத்தேன். அழுகை அடங்கியதும் சிரிப்பு இன்னும் நன்றாகக் கேட்டது. என் மூளை அவ்வளவுதான்.

எண்பதுகளில் குரோம்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால் அது. வரதன் சார் பகலில் ஆபீஸ் கிளார்க், சாயங்காலம் நாடகக் குழுத் தலைவர். திரை விழுந்ததும் சபா செக்ரட்டரி மேடைக்குப் பின்னால் வந்தார்.

"வரதன், கண்ணீர் நாடகம்னு நோட்டீஸ் அடிச்சிருக்கோம். மெம்பர்ஸ் எல்லாம் காமெடி பிரமாதம்னு சொல்லிட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழமை ஷோவுலயும் சிரிச்சாங்கன்னா, அப்புறம் உங்களுக்கு இங்க டேட் கிடையாது."

வரதன் சார் ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்த சபாவை விட்டால் அவரை மேடையேற்ற வேறு சபா இல்லை. ஃபைல் தூக்குகிறவராக மட்டும் மிஞ்சிப்போவார்.

2. அதே அழுகை

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், தாம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கோயில் திருவிழாவுக்கு அதே நாடகம். அதே இடத்தில் அதே மாதிரி வாய்விட்டுக் கத்தினார். இங்கே பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு கூடவே அழுதார்கள். ஒரு அக்கா மேடையேறி வந்து செத்துக் கிடந்த பெண்ணை உலுக்கியது.

"ஏந்துரு கண்ணு, உங்கப்பன் எப்டி அழுதுகினு கீறாரு பாரு."

பிணம் பயந்துபோய் கண்ணைத் திறந்துவிட்டது. அதற்கும் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் வரதன் சார் கேட்டார். "ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரிதானேப்பா அழுதேன்?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் அழுதா ரெண்டு எடத்துலயுமே சிரிப்பாங்க."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, யோசித்துப் பார்த்தேன். கிராமத்தில் சாவு என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஒப்பாரி நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும். குரோம்பேட்டை மாதிரி ஆபீஸ்காரர்கள் காலனியில் கல்யாணம், பிள்ளையார் சதுர்த்தி எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள், சாவுக்கு மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். இதை சாரிடம் சொன்னேன்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? கதவுக்குப் பின்னாடி நின்னு நடிக்கட்டுமா?" என்றார்.

3. சிவப்பு பல்பு

அந்த ஹாலில் எங்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. ரயில் போகும்போது என் மைக் செட்டெல்லாம் சும்மா. ஒரு வார்த்தை கேட்காது. அதனால் ரயில் வந்தால் மேடை ஓரம் ஒரு சிவப்பு பல்பைப் போடுவேன். அணைக்கிறவரை நடிகர்கள் இருந்த இடத்தில் அப்படியே சிலை மாதிரி நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. வரதன் சார் மகளின் காலருகே மண்டி போட்டு, காலைப் பிடித்துக்கொண்டு, கத்துவதற்கு வாயைத் திறந்தார். ரயில் வந்தது. பல்பைப் போட்டேன். திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டு அப்படியே இருந்தார்.

தாம்பரம் வண்டி போவதற்குள் எதிர்ப்பக்கம் பீச் ஸ்டேஷன் போகிற வண்டி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்ஸ். பல்பை அணைக்கவே முடியவில்லை. கூரை தடதடவென்று ஆடியது. பிடித்த காலை விடாமல் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது.

ஹாலைப் பார்த்தேன். முன்வரிசை மாமி கர்சீப்பில் மூக்கைச் சிந்தினாள். அவள் வீட்டுக்காரர் தோள் குலுங்க அழுதார். அந்த ரயில் சத்தத்தில் ஒருத்தர் அழுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

கூட்ஸ் போய்விட்டது. பல்பை அணைத்தேன். சத்தம் சட்டென்று நின்றதில் ஒரே ஒரு விசும்பல் மட்டும் நிறுத்த நேரமில்லாமல் தனியாக மாட்டிக்கொண்டது. வாசலில் நின்ற செக்ரட்டரியுடையது.

யாரும் சிரிக்கவில்லை. வரதன் சார் கத்தவேண்டிய கத்தலை விட்டுவிட்டு அடுத்த வசனத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னார். "லைட்டை அணைச்சிடாதீங்க. அவளுக்கு இருட்டுன்னா பயம்."

நாடகம் முடிந்து செக்ரட்டரி வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஹால்ல ஒரே தூசி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் டேட் தரேன். ரயில் வர்ற நேரமா பாத்து வெச்சுக்கங்க."

அப்புறம் பல வருஷம் அந்த நாடகத்தைப் போட்டோம். தொண்ணூறுகளில் அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம்; பக்கத்தில் ரயில் கிடையாது. மகள் சாகிற நேரத்தில், கடகடவென்று ஆடும் சுவர் ஃபேன்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டேன். ஜனங்கள் நிம்மதியாக அழுதார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எல்லாவற்றையும் கேட்கவைப்பதுதான் நம் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சில ஊரில், பக்கத்து சீட்டுக்குக் கேட்காமல் அழ ஒரு வழி பண்ணிக்கொடுப்பதும் நம் வேலைதான்.