அந்த ஊர் ‘சீ’

காலை ஏழு மணிக்குக் கைப்பேசி அடித்தால், அடுப்பில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதையெல்லாம் மறந்துவிட்டு ஓடுவேன். அந்த நேரத்தில் அழைப்பது அத்தை ஒருத்திதான். டில்லியில் எனக்குப் பொழுது விடியும்போது, மெக்சிகோவில் ஓர் ஏரிக்கரை ஊரில் அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் அவளிடமிருந்து வந்த ஓர் அழைப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. நலம் விசாரிக்கவில்லை, பயணம் எப்படி என்று சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் பொரிந்து தள்ளினாள்.

“ஏட்டி, இந்த ஊர்ல ஒரு மனுஷியா என்னைய யாரும் மதிக்க மாட்டேங்காவ. கடையில போயி எதக் கேட்டாலும் மூஞ்சிக்கு நேரா சீ, சீங்காவ! தக்காளி இருக்காங்கேன், சீங்கான். கொத்தமல்லி இருக்காங்கேன், சீ சீங்கான். சிரிச்சுக்கிட்டே வேற சொல்லுதான்!”

கோபத்தில் அவள் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம். அந்த ஊர் ஸ்பானிஷ் பாஷையில் ‘சீ’ என்றால் ‘ஆமாம்’ என்று, வார விடுமுறையில் வந்த அவள் மகன் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. மறுநாளே கூப்பிட்டாள். சிரிப்பு அடங்கவே அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. “பாவம்டி அந்தத் தக்காளிக்காரன். நான் முறைக்க முறைக்க அவன் ஆமா, ஆமான்னுல்லா சொல்லியிருக்கான்!”

அத்தை என் அப்பாவின் தங்கை. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி டில்லிக்கு வந்தவள், பிறகு இங்கேயே மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். வேலை கிடைத்து நான் டில்லி வந்தபோது, கிட்வாய் நகரில் அவளுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில்தான் இறங்கினேன். கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தேன். ஜனவரிக் குளிரில் குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு, “ஜல்தி, ஜல்தி, பஸ்ஸு போயிரும்” என்று கதவைத் தட்டுகிற அந்தக் குரல் இல்லாமல் இந்த ஊரில் நான் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். தான் வந்த புதிதில் தள்ளுவண்டிக்காரன் “ஆலூ, ஆலூ” என்று கூவிக்கொண்டு போனதைக் கேட்டு, யாரோ வேலைக்கு ஆள் தேடுகிறான் என்று நினைத்து மாமாவை எழுப்பியவள் அவள். அவன் விற்றது உருளைக்கிழங்கு. அந்தக் கதையைத் தானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளும் மாமாவும் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. திருநெல்வேலிக்குப் போகலாம் என்றால் அங்கே தெரிந்த முகம் இல்லை. டில்லியில் வீடு பார்க்கலாம் என்றால் வாடகை கட்டுப்படியாகவில்லை. மகன் மெக்சிகோவில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் வேலை பார்க்கும் நகரத்துக்குப் பக்கத்தில், ஓய்வு பெற்ற கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் வந்து தங்குகிற ஒரு சிறிய ஊரில் வீடு பிடித்துக் கொடுத்தான். “மூணு மாசம் இருந்து பாத்துட்டு ஓடியாந்துருவேன், உன் வீட்டுப் பின்னறைய எனக்கு வச்சிரு” என்று விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் லோதி ரோடு வீட்டில் அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

‘சீ’ விளங்கியதுதான் தாமதம், அத்தைக்குக் கால் வீட்டில் தங்கவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு சேதி. அங்கே உருளைக்கிழங்கைப் பாப்பா என்கிறார்களாம், “ரெண்டு கிலோ பாப்பா வாங்கிட்டு வந்தேன்டி, ஒரு பாப்பா கூட அழல!” மேஜைக்கு மேசா என்கிறார்களாம், நம்மிடமிருந்து சுட்டுவிட்டார்களா என்று கேட்டாள். சந்தையில் சப்போட்டா குவிந்து கிடப்பதைப் பார்த்து, ஊர்க்காரரைப் பார்த்தது போல நின்றுவிட்டாளாம். புளி மிட்டாயில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்கள், கள்ளிச்செடியை முள் சீவி வதக்கித் தின்கிறார்கள்! அதையும் கடுகு தாளித்துத் தேங்காய் போட்டு இறக்கிவிட்டாள். மாமா இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாராம். சாயங்காலம் மாதா கோயில் முன்னால் இருக்கிற சதுக்கத்தில் வாத்தியம் வாசிப்பார்கள். வயதான தம்பதிகள் வெட்கமே இல்லாமல் ஆடுவார்கள். அத்தை பெஞ்சியில் உட்கார்ந்து பட்டாணி கொறிப்பாள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பையா’ கதைதான். டில்லியில் கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லாரையும் இந்தியில் ‘பையா’, அதாவது அண்ணா, என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு அங்கே போனதும் மாறவில்லை. தக்காளிக்காரனைப் பார்த்து “பையா, பையா” என்று இவள் கூப்பிட, அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். பக்கத்து வீட்டுக் கனடாக்கார டீச்சரம்மா அந்த ஊரில் பத்து வருஷமாக இருக்கிறாள். தன் நாட்டுக்காரர்கள் கூடுகிற காபிக் கடையைத் தாண்டி வேறெங்கும் போனதில்லை, சந்தை என்றாலே பயம். அத்தை அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு நாள் அந்த டீச்சரம்மா தனியாகச் சந்தைக்குப் போய், ஸ்பானிஷ் என்று நினைத்துக்கொண்டு, “பையா!” என்று கூப்பிட்டிருக்கிறாள். தக்காளிக்காரன், “சீ, சென்யோரா!” என்றிருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு அத்தை சிரித்த சிரிப்பில் மாமா வந்து போனை வாங்கிக்கொண்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் மூன்று மாதம் ஒரு வருஷமாகி, அதுவும் தாண்டிப் போனபோது பின்னறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மனது வலித்தது. எனக்கு அவள் இங்கே வேண்டும். அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் வந்தாள். கிட்வாய் நகரைப் பார்க்க வேண்டும் என்றாள், அழைத்துப் போனேன். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் எப்போதோ போய், அந்த இடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய அடுக்கு மாடிகள் நிற்கின்றன. எந்தக் கட்டடத்துக்கு அடியில் நம் சமையலறை இருந்தது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் ஏறியதும் கேட்டேவிட்டேன்.

“திரும்பவும் அங்கதான் போயி இருக்கப் போறீங்களா அத்தை?”

“சீ!” என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை! அப்போதே என் கணவருக்குப் போன் போட்டு, பின்னறைக்கு ஹீட்டர் வாங்க வேண்டும் என்றேன். குளிருக்குப் புது ரஜாய்ப் போர்வை, கால் வைக்க ஒரு முக்காலி, மாமாவுக்குப் படிக்க விளக்கு என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஆட்டோ லோதி ரோடு பக்கம் திரும்பியது. அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, நான் சொன்னது நம்ம ஊரு சீ இல்ல. அந்த ஊரு சீ.”

அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

“இங்க வந்தா நீ என்னைய உக்கார வச்சி சோறு போடுவ, எனக்குத் தெரியும்” என்றாள். “உன் வீட்டுப் பெரிய மனுஷியா மூலையில இருப்பேன். அங்க எனக்குத் தெனம் ஒண்ணு புதுசா இருக்குட்டி. இந்த வயசுல தப்புத் தப்பாப் பேசி, நாலு பேரு சிரிச்சி, நானும் சிரிச்சி... டில்லிக்கு வந்த புதுசுல இருந்தேன்லா, அப்படி இருக்கேன்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். ‘ஆலூ’வுக்கு மாமாவை எழுப்பிய பெண்ணை நான் பார்த்ததில்லை. அன்று ஆட்டோவில் பார்த்துவிட்டேன் என்றே தோன்றியது. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கரோல் பாக் போய் அவளுக்குப் பெருங்காயமும், டீச்சரம்மாவுக்குக் கண்ணாடி வளையலும் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

இன்று காலை ஏழு மணிக்கும் கைப்பேசி அடித்தது. குக்கரை விட்டுவிட்டு ஓடினேன். திரையில் அத்தை, பின்னால் ஏரி, அதன் மேல் நேற்றைய சூரியன். இவர் ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, ஆபீஸே கதின்னு கெடந்தது போதும். ஒரு மாசம் லீவப் போட்டுட்டு இங்க வாரியா? சதுக்கத்துல உனக்கும் எடம் பிடிச்சி வச்சிருக்கேன்.”

ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. “சீ!” என்று கத்தினேன்.

இவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன பழக்கம் இது? ஆசையாக் கூப்பிடறாங்க, அத்தையைப் போய்ச் சீங்கற!”

அங்கே அத்தை சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மாமா வந்து போனை வாங்கிக்கொண்டார்.