எங்கள் வீட்டில் இல்லாத வேஸ்ட்

புதுப் பனியன் துணியை வெட்டும்போது பறக்கிற பஞ்சுத் தூசி மூக்கினுள் ஒட்டிக்கொண்டு, தும்மவும் விடாமல் சும்மா இருக்கவும் விடாமல் அரித்துக்கொண்டே இருக்கும். நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு வாரம் முழுக்க எங்கள் வகுப்பறையில் அந்தத் தூசிதான்.

திருப்பூர் நல்லூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. பக்கத்துக் காலி இடத்தில் "கட்டிங் வேஸ்ட்" என்கிற வெட்டுத் துணிகளைக் கொட்டி எரிப்பார்கள். புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு வரும். தெற்கேயிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்த ஜெயந்தி டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. எரிக்கிற துணியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பாடம் நடத்திவிட்டு, சிமெண்ட் தரையில் உட்காரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மெத்தை தைப்போம், எல்லோரும் வீட்டிலிருந்து வேஸ்ட் துணி கொண்டு வாருங்கள் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதிகமாகக் கொண்டு வருகிறவர் ஒரு வாரம் பள்ளிக்கூட மணி அடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

திருப்பூர்ப் பிள்ளைகளின் கையில் எவ்வளவு துணி சிக்கும் என்று அவருக்குத் தெரியாது. மறுநாளே செந்தில் தன் மாமாவின் மொபெட்டில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். போட்டி முற்றியபோது, பிள்ளைகள் கம்பெனி வாசலில் நின்று, "வேஸ்ட் இல்லீனா கொஞ்சம் வெட்டிக் குடுங்ணா" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

என் வீட்டில்தான் ஒன்றும் இல்லை. அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பழஞ்சேலையை எனக்குப் பாவாடையாக்கி, பாவாடை நைந்தால் கரித்துணியாக்கி, அதுவும் இற்றுப்போனால் துவைத்துக் காயவைத்துத் தலையணைக்குள் திணித்துவிடுவாள். வீசுவதற்கென்று எதுவும் மிஞ்சியதில்லை. மூன்று நாள் வெறுங்கையோடு போனேன்.

"ஏம்புள்ள, உங்க ஊட்டுல வேஸ்ட்டுக்குக்கூடவா பஞ்சம்?" என்றான் செந்தில். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் பேச வராது; எப்போதும் அப்படித்தான்.

அம்மா பக்கத்துக் கம்பெனியில் தைத்து முடித்த பனியன்களை வீட்டுக்கு வாங்கி வந்து "பிசிறு" வெட்டுவாள். தையல் ஓரத்தில் தொங்கும் நூல்களைக் கத்தரிக்கிற வேலை. அன்று வந்திருந்தவை ரோஸ் கோடு போட்ட குழந்தைப் பனியன்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஒன்றை உருவி, அவளுடைய கத்தரியாலேயே, புதுசு என்று தெரியாதபடி துண்டு துண்டாக நறுக்கினேன். எதையும் வீணாக்கக் கூடாது என்ற பாடத்துக்காக, ஒரு குறையும் இல்லாத பனியனை வெட்டிக் கொண்டு போனேன். டீச்சர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டு சாயந்தரம் வரை இனித்தது.

சாயந்தரம் அம்மாவும் நானும் கம்பெனியில் பண்டலைத் திருப்பிக் கொடுத்தபோது, எண்ணிக்கையில் ஒரு பீஸ் குறைந்தது. கம்பெனி ஓனர் துரைசாமி கெட்டவர் இல்லை. ஆனாலும், "குழந்தைப் பனியனுங்க பாருங்க, மடியில வெச்சாத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அது வரோணுமுங்க. இல்லீனா இனி ஊட்டுக்குப் பண்டல் குடுக்க முடியாதுங்க."

வீட்டுக்கு வந்து அம்மா கட்டிலைப் புரட்டினாள். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுத் தேடினாள். "கண்ணு, நீ எங்காச்சும் பாத்தியா சாமி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போய், துணிக் குவியலுக்குள் கையை விட்டு ரோஸ் கோடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்துவிட்டார். "என்னட்டி தேடுத?" என்றார். சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தைகளை அதற்கு முன்பு நான் பேசியதில்லை. அடி விழும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தானும் பொறுக்க ஆரம்பித்தார். பிறகு வந்த பிள்ளைகளையும் உட்கார வைத்தார்.

"வேஸ்ட்டுக்குள்ள வேஸ்ட்டைத் தேடறாப்பல இருக்குதுங்க டீச்சர்" என்று ஒருத்தி முனகினாள். கழுத்துப் பட்டி மட்டும் கிடைக்கவில்லை. அதைச் செந்தில் கபடியில் சிராய்த்த முழங்காலில் கட்டியிருந்தான். முதலில் முறைத்தான்; பிறகு அவனே அவிழ்த்துக் கொடுத்தான்.

டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனபோது, அம்மா கட்டிங் டேபிள் ஓரமாக நின்றிருந்தாள். டீச்சர் நடந்ததைச் சொல்லி, துண்டுகளை மேசையில் கொட்டினார். "தப்பு எம்மேல சார். நெறைய கொண்டாந்தா பரிசுன்னு சொன்னது நாந்தான்."

துரைசாமி துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பொருத்தினார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டி. மேசைமேல் ஒரு சின்னப் பனியன் தெரிந்தது. "முழுசா இருக்குதுங்க. டேமேஜ்னு வெச்சுக்கலாம்" என்றவர், அம்மாவிடம், "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. "வாயத் தொறந்து கேட்டிருந்தா என்ற சேலையிலயே ஒரு முழம் கிழிச்சுக் குடுத்திருப்பனே கண்ணு" என்றாள். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் பள்ளிக்கூட மணியை அவரேதான் அடித்தார்.

நான் இப்போது ஒரு பனியன் கம்பெனியில், தைத்ததில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலையில் இருக்கிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பு. போன வாரம் அவளுடைய பள்ளியில், குப்பையைக் குறைப்பது பற்றிய பாடத்துக்கு வீட்டிலிருந்து வேஸ்ட் கொண்டு வரச் சொன்னார்கள். நிறைய கொண்டு போனால் ஸ்டாராம். எதிர் வீட்டுக்காரர் பாட்டில் வேண்டுமென்று நான்கு கூல்டிரிங்க்ஸ் வாங்கி, குடித்தது போக மீதியைச் சாக்கடையில் ஊற்றினார். எனக்கு அந்தச் சிரமமும் இல்லை. பார்சல் டப்பா, கூரியர் கவர், இரண்டு தடவை போட்டுவிட்டு ஒதுக்கிய கவுன் என்று ஐந்து நிமிடத்தில் ஒரு பை நிறைந்துவிட்டது. என் மகள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தேன்; அம்மா ஒரு வருடத்தில்கூட இவ்வளவைக் கழித்ததில்லை.

மறுநாள் பள்ளி கேட் வரை போனேன். மிஸ் யாரிடமோ வேகமாக இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் எழவில்லை, திரும்பிவிட்டேன். அவரிடம் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: கழிக்க ஒன்றுமில்லாத வீடுகள் இப்போது எங்கள் தெருவில் அநேகமாக இல்லை. தப்பித் தவறி ஒரு பிள்ளை வெறுங்கையோடு வந்தால், அவளை எழுப்பி நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, பழையதையெல்லாம் உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.