வரப்பைத் தாண்டிய பந்து

எங்கள் அன்பு அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை உறவினர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள். மூத்த மகள் என்பதற்காக அல்ல. வீட்டில் எல்லோரையும் குடைந்து குடைந்து கேள்வி கேட்பவள் நான்தான் என்பதற்காக. "இவ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்று அம்மா இன்றும் சொல்வார். அப்பாவிடம் நான் பலமுறை கேட்டும் அவர் கடைசிவரை பதில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. கால்பந்தையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர் ஏன் ஒருநாளும் பந்தைத் தூக்கி அடித்ததில்லை?

அப்பா பிறந்தது நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே உள்ள எங்கள் ஊரில், பண்ணை வேலை செய்த குடும்பத்தில். தாத்தா, ஊர்க்காரர்கள் 'பெரிய வீடு' என்று சொல்லும் மிராசுதாரின் வயல்களில் கூலிக்கு உழைத்தார். அப்பா மன்னார்குடிப் பள்ளிக்கு நடந்தே போய்ப் படித்தார். அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய பந்து ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, தையல் போட்டு, அறுவடை முடிந்த வயலில் தெருப் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஆடினார். நெல் தாள் குத்திய தழும்புகள் அவர் பாதங்களில் கடைசிவரை இருந்தன. அவரைக் குளிப்பாட்டிய அன்று நாங்கள் எல்லோரும் அவற்றைப் பார்த்தோம்.

பள்ளி அணி, மாவட்ட அணி என்று ஆடி, சென்னையில் ஒரு நிறுவனத்தின் அணிக்குப் போனார். நன்றாக ஆடுகிறவருக்கு வேலை கொடுத்து, மைதானத்துக்கு அனுப்பிவிடுவது அந்தக் கால வழக்கம். அப்பா தடுப்பாட்டக்காரர். நாலு பேர் சூழ்ந்தாலும் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். பக்கத்தில் நிற்பவருக்குத் தள்ளுவார். அதைப் பார்க்கவே கூட்டம் வருமாம். ஆனால் ஆபத்து வரும்போது பந்தை ஓங்கி உதைத்து அனுப்ப வேண்டியதுதானே தடுப்பாட்டக்காரரின் முதல் வேலை? அதைத்தான் அப்பா செய்யவே மாட்டார்.

கேரளத்தில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தில் அதற்கு விலை கொடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், எங்கள் கோலுக்கு முன்னால் பந்து அப்பாவின் காலுக்கு வந்தது. அப்பாவோ பந்தை உருட்டிக்கொண்டு வெளியேறப் பார்த்தார். எதிரணிக்காரர் தட்டிப் பறித்துக் கோல் போட்டுவிட்டார். கோப்பை போயிற்று. துக்கம் கேட்க வந்த அன்றைய கோல்கீப்பர் மாமா, அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இன்னும் ஆற்றாமையோடு சொன்னார்: "தூக்கி அடிடா, தூக்கி அடிடான்னு கத்துறேன். இவன் காதுல வாங்கவே இல்லம்மா."

அதன்பின் அப்பா பெரும்பாலும் வெளியே உட்கார்ந்தே ஆட்டங்களைப் பார்த்தார். மாநில அணிக்கு அழைப்பு வரும் என்று எதிர்பார்த்திருந்தார், வரவில்லை. கால்சட்டையை மடித்து வைத்துவிட்டு அலுவலக மேசைக்குப் போனார். யாரையும் குறை சொன்னதில்லை. நான் துருவினால், "கால் வலிக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். காலைப் பற்றியா நான் கேட்டேன்?

ஓய்வு பெற்றதும் அம்மாவோடு ஊருக்கே திரும்பினார். நில உச்சவரம்புச் சட்டத்தில் தாத்தாவுக்குப் பட்டா கிடைத்த துண்டு நிலம் இருந்தது. அதன் வரப்புக்கு அந்தப்பக்கம் பெரிய வீட்டு வயல். எங்கள் வட்டாரத்தில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்து முடிக்கும்போது முளை தெரியும். அப்பா மட்டும் தெளிக்க விடமாட்டார். அறுத்த வயலில் தெருப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, பந்து ஆட வேண்டும் அவருக்கு. அம்மாவுக்கும் அவருக்கும் வருடத்துக்கு ஒரு சண்டை என்றால் அது இந்த உளுந்துச் சண்டைதான்.

அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. தான் அடிக்காத அடியைப் பிள்ளைகளை அடிக்கச் சொன்னார். "தூக்கி அடிங்க. எங்க விழுந்தாலும் நான் எடுத்தாறேன்" என்பார். பந்து பெரிய வீட்டு உளுந்துக்குள் விழும். பிள்ளைகள் ஒருவரும் வரப்பைத் தாண்டக்கூடாது. முழங்கால் தேய்ந்துபோன மனிதர், தாங்கித் தாங்கி நடந்து போய், செடி மிதிபடாமல் காலை வைத்துப் பந்தை எடுத்துவருவார். ஓடக்கூடிய பிள்ளைகள் சுற்றி நிற்க, இவருக்கு ஏன் இந்த வேலை என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் தங்கையான அத்தையிடம் இதைக் கேட்டேன். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

கழக ஆட்சி வந்த புதிது. சட்டமன்றத்தில் ஆட்கள் மாறியிருந்தார்கள், நெற்களத்தில் கூலி அளக்கும் மரக்கால் மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் பாதி அறுப்பில் கதிர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். அறுத்த வயலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வரப்புக்கு அந்தப்பக்கம் முற்றிய நெல் அறுக்காமல் நின்றது. அதற்குப் பெரிய வீட்டார் தடியோடு காவல் போட்டிருந்தார்கள். பந்து அந்த நெல்லுக்குள் போய் விழுந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துத் தாத்தா எடுக்கப் போனார்.

"புள்ளைங்க பந்துங்கன்னு அப்பா கைய எடுத்துக் கும்புட்டாங்க. கதிரு உருவ வந்தியாடான்னு கும்புட்ட கையிலயே போட்டானுங்க" என்றார் அத்தை. "பந்தைத் தூக்கி அடிச்சது ஒங்கப்பாதான்."

தாத்தாவின் வலது கை கோணலாக இருக்கும். மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது என்றே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கை அதன்பின் அரிவாள் பிடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கும் இது புதிய செய்தி. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவரிடம்கூட அப்பா வாய் திறக்கவில்லை. எனக்கு அப்பாவின்மேல் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. கேரளத்து மைதானத்தில் கோல்கீப்பர் மாமா கத்தியது அப்பாவின் காதில் விழாமலா இருந்திருக்கும்?

அப்பாவின் கடைசி மாதங்கள் நுரையீரல் நோயோடு படுக்கையில் கழிந்தன. கட்டிலை வயல் பக்கத்து ஜன்னலோரம் போடச் சொன்னார். பிள்ளைகள் ஓங்கி உதைக்கும் சத்தம் கேட்டால் முகம் தெளியும். பந்து வரப்பைத் தாண்டினால், வீட்டிலிருந்து பெரியவர் யாரையாவது அனுப்பி எடுத்துவரச் சொல்வார். மாசியில் ஒரு காலைப் பொழுதில், தூக்கத்திலேயே அமைதியாகப் போனார்.

இந்தத் தையில் அறுப்பு நெருங்கியதும், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் உறவினர் உளுந்து தெளிக்கலாமா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். அறுப்பு முடிந்து பிள்ளைகள் ஆடிய முதல் நாளே பந்து பெரிய வீட்டு வயலில் விழுந்தது. பிள்ளைகள் பழக்கத்தில் வரப்போரம் நின்று எங்கள் வீட்டையே பார்த்தார்கள். வரவும் அனுப்பவும் அவர் இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கும் உறைத்தது. அம்மா கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். செடி மிதிபடாமல் பந்தை எடுத்துவந்து பிள்ளைகளிடம் போட்டார்.

"ஏன் நிக்கிறீங்க? தூக்கி அடிங்க."

அப்பாவின் நோயில் இரவு பகல் பாராமல் உதவிய மருத்துவர்களுக்கும், தூக்கவும் துடைக்கவும் கை கொடுத்த தெரு மக்களுக்கும், சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்த அணித் தோழர்களுக்கும், சடங்குகளில் உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. வரப்புக்கு அந்தப்பக்கம் உள்ளவர்களுக்கும் நன்றி. இத்தனை வருடத்தில் பெரிய வீட்டின் இன்றைய பிள்ளைகள் அப்பாவை ஒரு சொல் சொன்னதில்லை. இனியும் உங்கள் வயலில் பந்து விழும். எடுக்க அம்மா வருவார்.